உங்கள் கைக்குத் தெரியுமா?

2012 மார்ச் 21, புதன்கிழமை. பெங்களூரு அசோக் நகர் கால்பந்து ஸ்டேடியத்தில் மாவட்ட லீக் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. பெங்களூர் மார்ஸ் அணிக்கு மாற்று ஆட்டக்காரராக இறங்கியிருந்த டி. வெங்கடேஷ், ஆட்டம் முடியும் தறுவாயில் மைதானத்திலேயே சரிந்து விழுந்தார். வயது 27. ஸ்டேடியத்தில் ஆம்புலன்ஸ் இல்லை. கூட ஆடியவர்கள் அவரைத் தூக்கி ஓர் ஆட்டோவில் ஏற்றி ஹாஸ்மாட் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மருத்துவர்கள் பார்த்தபோது உயிர் போயிருந்தது. இதயத்துடிப்பு நின்றதே காரணம் என்றார்கள்.

அதற்கு நான்கே நாள் முன்பு, மார்ச் 17 அன்று, லண்டனில் இன்னொரு ஆட்டக்காரர் இதேபோல விழுந்திருந்தார். போல்டன் அணியின் ஃபேப்ரிஸ் முவாம்பா. வயது 23. யாரும் இடிக்கவில்லை, தள்ளவில்லை. ஓடிக்கொண்டிருந்தவர் குப்புற விழுந்தார். அந்த இடத்திலேயே அவர் நெஞ்சை அழுத்தத் தொடங்கினார்கள். பார்வையாளர் வரிசையில் இருந்த இதயநோய் மருத்துவர் ஆண்ட்ரூ டீனர் மைதானத்துக்குள் இறங்கி ஓடிவந்தார். ஆம்புலன்ஸிலும் அழுத்தினார்கள், ஆஸ்பத்திரிக்குள்ளும் அழுத்தினார்கள். 15 முறை மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். 78 நிமிடம் அந்த இதயம் தானாகத் துடிக்கவில்லை. முவாம்பா பிழைத்தார்.

இரண்டு பேர் உடம்பிலும் நடந்தது ஒன்றேதானா என்று இத்தனை தூரத்திலிருந்து யாரும் சொல்லிவிட முடியாது. வெங்கடேஷைப் பிழைக்கவைத்திருக்கலாம் என்று சொல்வதும் நியாயமில்லை. தோழனை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடிய அந்த இளைஞர்கள் தங்களால் ஆனதையெல்லாம் செய்தார்கள். ஆனால் அந்த ஸ்டேடியம் எங்கள் ஆஸ்டின் டவுனிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரம். 2004 டிசம்பர் 5 அன்று கண்டீரவா ஸ்டேடியத்தில் டெம்போ அணியின் பிரேசில் வீரர் கிறிஸ்டியானோ ஜூனியர், மோகன் பகானுக்கு எதிரான ஃபெடரேஷன் கோப்பை இறுதி ஆட்டத்தில் கோல் அடித்த வேகத்திலேயே கோல்கீப்பரோடு மோதி விழுந்து இறந்ததும் இதே வட்டாரத்தில்தான். பந்து உதைக்காத பையன் இல்லாத பேட்டை இது. அதனால் ஒரு கேள்வியை விட்டுவிட்டு நகர முடியவில்லை. நாளைக்கு நம் மைதானத்தில் ஒரு பிள்ளை இப்படி விழுந்தால், சுற்றி நிற்கிற நமக்கு என்ன தெரியும்?

ஆஸ்டின் டவுனில் இதைக் கேட்டால் கிடைக்கிற முதல் பதில், "அதான் பக்கத்துலயே ஆஸ்பத்திரி இருக்கே" என்பதுதான். உண்மைதான். கேம்பெல் ரோட்டில் செயின்ட் ஃபிலோமினாஸ், மேக்ராத் ரோட்டில் ஹாஸ்மாட், கோரமங்கலா பக்கம் போனால் செயின்ட் ஜான்ஸ். நாட்டில் எத்தனையோ ஊர்களுக்குக் கிடைக்காத வசதி. இந்த வசதியே நம்மை ஏமாற்றவும் செய்கிறது. வெங்கடேஷ் விழுந்த இடத்துக்கும் ஹாஸ்மாட்டுக்கும் அதிக தூரம் இல்லை. இதயம் நின்றவருக்குத் தூரம் கிலோமீட்டரில் வருவதில்லை, நிமிடத்தில்தான் வருகிறது. விழுந்தது புரிய ஒரு நிமிடம், கூட்டம் கூட ஒரு நிமிடம், ஆட்டோவை நிறுத்தி ஆளை ஏற்ற இரண்டு நிமிடம். அப்புறம்தான் சாலை. அதுவும் விவேக் நகர் குழந்தை இயேசு ஆலயத்தில் கூட்டம் நெருக்குகிற ஒரு வியாழக்கிழமை மாலையாக இருந்துவிட்டால்?

இதயம் நின்றதும் உடம்பில் நடப்பதைப் பார்த்தால்தான் இந்த நிமிடக் கணக்கு விளங்கும். திடீரென்று நின்றுபோகும் இதயம் பல நேரங்களில் முழுசாக ஓய்ந்திருப்பதில்லை. அதன் தசைநார்கள் ஒவ்வொன்றும் தன்பாட்டுக்குத் துடிதுடித்துக்கொண்டிருக்கும். எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் சுருங்கினால்தான் ரத்தம் வெளியே தள்ளப்படும். தனித்தனியே நடுங்கினால் ஒரு சொட்டும் நகராது. சில நொடிகளில் நினைவு தப்பும். நான்கு முதல் ஆறு நிமிடத்துக்குள் மூளை செல்கள் சாகத் தொடங்கும். யாரும் எதுவும் செய்யாமல் கழிகிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது.

வியப்பு என்னவென்றால், அந்த நேரத்தில் ரத்தத்தில் ஆக்சிஜன் இன்னும் இருக்கிறது. கடைசியாக இழுத்த மூச்சு நுரையீரலிலும் ரத்தத்திலும் மிச்சம் இருக்கிறது. இல்லாதது ஓட்டம் மட்டும்தான். மார்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் நடுவில் இருக்கிறது இதயம். மார்பின் நடுவில் இரண்டு கையையும் வைத்து 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்தினால் அது நசுங்கி ரத்தத்தை வெளியே தள்ளும். கையைத் தளர்த்தினால் மார்புக்கூடு விரிந்து ரத்தத்தை உள்ளே இழுக்கும். எவ்வளவு நன்றாகச் செய்தாலும் இயல்பான ஓட்டத்தில் கால் பங்கோ அதற்குச் சற்று மேலோதான் கிடைக்கும். அந்தக் கால் பங்கு மூளையைக் காத்துவைக்கும்.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. பழைய அடிபம்பில் தண்ணீர் அடித்தவர்களுக்குத் தெரியும், முதல் நாலைந்து அடிக்குத் தண்ணீர் வராது. ஏறி வந்தபின் கையை எடுத்தால் மறுபடி கீழே இறங்கிவிடும். இதயத்துக்கே ரத்தம் கொடுக்கிற குழாய்களில் அழுத்தம் ஏறுவதும் அப்படித்தான். அடுத்தடுத்துப் பல அழுத்தல்கள் விழுந்தபிறகே அது தேவையான அளவுக்கு வரும். பத்து நொடி நிறுத்தினால் சரிந்துவிடும்; முதலிலிருந்து ஏற்ற வேண்டும். ஆட்டோ விஷயத்தில் நான் இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இதுதான். ஆட்டோவின் பின்சீட்டில் ஒருவரை மடியில் கிடத்திக்கொண்டு நெஞ்சை அழுத்தவே முடியாது. முதுகுக்குக் கீழே கெட்டியான தரை வேண்டும். விழுந்த இடம்தான் முதல் சிகிச்சை அறை.

இனி உங்கள் அறிவைச் சோதிக்கலாம். "முதலுதவி என்றால் என்ன? அதன் நோக்கங்கள் யாவை?" என்கிற பள்ளிக்கூடக் கேள்வி வேண்டாம். அதற்கு முழு மதிப்பெண் வாங்கியவரும் தெருவில் திகைத்து நிற்பார். இப்படிக் கேட்போம்: ஒருவர் விழுந்துகிடக்கிறார். தோளைத் தட்டிக் கூப்பிட்டால் பதில் இல்லை. வாயைத் திறந்து திறந்து, மீனைப்போல, சில நொடிக்கு ஒருமுறை ஒரு பெருமூச்சு இழுக்கிறார். மூச்சு இருக்கிறதா, இல்லையா?

இருக்கிறது என்றுதான் பெரும்பாலானவர்கள் சொல்வார்கள். அது மூச்சில்லை. இதயம் நின்றபின் மூளைத்தண்டு கடைசியாக விடுகிற திணறல் அது. நுரையீரலுக்குள் காற்றைப் பயனுள்ள அளவில் கொண்டுபோவதில்லை. உலகம் முழுக்க உதவி தாமதமாவதற்கு இந்தத் திணறல் ஒரு பெரிய காரணம். "மூச்சு வருது, வருது" என்று கூட்டம் நிம்மதிப்படும் நேரத்தில்தான் மூளை போய்க்கொண்டிருக்கும். அழைத்தால் பதில் இல்லை, சீரான மூச்சும் இல்லை என்றால் அழுத்தத் தொடங்கவேண்டியதுதான். நாடி பார்க்க வேண்டாமா என்றால், பொதுமக்கள் பார்க்க வேண்டாம். பயிற்சி பெற்றவர்களே பத்து நொடிக்குள் நாடியைச் சரியாகக் கண்டுபிடிக்கத் தடுமாறுகிறார்கள்.

அடுத்தது நம் ஊருக்கென்றே வைத்த கேள்வி. விழுந்தவருடைய கைகால் சில நொடி வெட்டி இழுக்கிறது. என்ன செய்வீர்கள்?

"சாவி! யாராவது சாவிக்கொத்து கொடுங்கப்பா!" இந்தக் குரலைக் கேட்காமல் வளர்ந்த தமிழர் இல்லை. வலிப்பு வந்தவர் கையில் இரும்பைக் கொடுத்தால் நின்றுவிடும் என்பது தலைமுறைகளாக வருகிற நம்பிக்கை. இத்தனை காலம் அது நிலைத்திருப்பதற்குக் காரணம், சாவி கொடுத்ததும் வலிப்பு நிஜமாகவே நின்றுவிடுவதுதான். ஏனென்றால் பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே அடங்கும். சாவி தேடி, கையைப் பிரித்து, உள்ளே திணித்து முடிப்பதற்குள் அந்த நேரம் ஆகிவிடுகிறது. பெயர் சாவிக்குப் போகிறது. பாம்புக்கடிக்கு இறுக்கிக் கயிறு கட்டுவதும் பச்சிலை கொடுப்பதும் இப்படித்தான் பேர் வாங்கின. கடித்த பாம்புகளில் பெரும்பாலானவை விஷமில்லாதவை. விஷப் பாம்பும் சில சமயம் விஷத்தை இறக்காமல் கடிக்கும். பிழைக்க இருந்தவர் பிழைத்தார், பச்சிலை புகழ்பெற்றது. இறுக்கிய கயிறு ரத்த ஓட்டத்தைத் தடுத்துக் காலையே அழுகவைத்த கதைகள் அவ்வளவாக வெளியே வருவதில்லை.

சாவியால் வலிப்புக்காரருக்குப் பெரிய கெடுதி இல்லை என்று வேண்டுமானால் விட்டுவிடலாம். ஆனால் இதயம் திடீரென்று நிற்கும்போதும் மூளைக்கு ரத்தம் போகாமல் சில நொடி கைகால் வெட்டும். பார்ப்பதற்கு வலிப்பு மாதிரியே இருக்கும். ஓடிக்கொண்டிருந்த பையன் விழுகிறான், கைகால் இழுக்கிறது, கூட்டம் சாவி தேடுகிறது, வெட்டு நிற்கிறது, "சரியாயிடுச்சு" என்கிறார்கள். சரியாகவில்லை. தானாக அடங்குகிற நோயில் கற்ற பாடத்தை, தானாகத் திரும்பவே திரும்பாத ஒன்றில் பயன்படுத்துகிறோம். நம் முதலுதவி அறிவில் இதைவிட ஆபத்தான ஓட்டை இல்லை என்று நினைக்கிறேன். வலிப்பு அடங்கியபின் அவர் சீராக மூச்சு விடுகிறாரா என்று பார்ப்பதே விடை. விட்டால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வாயில் எதையும் திணிக்க வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டியும் வலிப்பு நிற்காவிட்டால் 108. சீரான மூச்சே இல்லையென்றால் உடனே நெஞ்சில் கை.

மற்ற கேள்விகளை வேகமாக முடித்துவிடலாம். சுடுகஞ்சி கொட்டிய கையில் பற்பசையும் வேண்டாம், மஞ்சளும் வேண்டாம். குழாயைத் திறந்துவிட்டு 20 நிமிடம் ஓடுகிற தண்ணீரில் பிடியுங்கள். மூக்கில் ரத்தம் வந்தால் அண்ணாந்து பார்க்காமல் முன்னால் குனிந்து மூக்கின் மென்மையான பகுதியை அழுத்திப் பிடியுங்கள். குத்தி நிற்கிற கம்பியைப் பிடுங்காதீர்கள். வாய் கோணி, ஒரு கை விழுந்து, பேச்சுக் குழறினால் அது பக்கவாதம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நான்கரை மணி நேரம்தான் கெடு, ஆகையால் எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்துவையுங்கள்.

இதெல்லாம் வாய்க்குத் தெரிந்தால் போதுமா? நெஞ்சை அழுத்தும் பயிற்சியின் வரலாறே இதற்குப் பதில் சொல்கிறது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மின்பொறியாளர் வில்லியம் கூவன்ஹோவனும் அவருடைய உதவியாளர் கை நிக்கர்பாக்கரும் நாய்களை வைத்து மின்னதிர்ச்சிக் கருவியைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். கருவியின் கனமான தகடுகளை நெஞ்சில் அழுத்திவைக்கும்போதே, மின்சாரம் பாய்வதற்கு முன்பாகவே, ரத்த அழுத்தம் கொஞ்சம் எகிறுவதை நிக்கர்பாக்கர் கவனித்தார். அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஜூடும் சேர்ந்துகொள்ள, 1960 ஜூலையில் அவர்கள் கட்டுரை வெளியானது. 20 நோயாளிகளில் 14 பேர் பிழைத்திருந்தார்கள். அதுவரை நின்ற இதயத்தை இயக்க நெஞ்சைக் கிழித்து உள்ளே கைவிட வேண்டியிருந்தது. இனி யாருக்கும் இரண்டு கை போதும் என்பதே அவர்கள் சொன்ன சேதி. அதே 1960இல், நார்வேயின் பொம்மைத் தயாரிப்பாளர் ஆஸ்மண்ட் லேர்டல், பயிற்சிக்கென்று ஆளுயரப் பொம்மை ஒன்றைக் கொண்டுவந்தார். உயிருள்ள மனிதர்மேல் பழக முடியாது, பழகாமல் கற்கவும் முடியாது என்பது தொடக்கத்திலேயே புரிந்துவிட்டது.

அமெரிக்க இதயச் சங்கத்தின் அடிப்படை உயிர்காப்புத் தேர்வை இங்கேயும் பல மருத்துவமனைகள் நடத்துகின்றன. எழுத்துத் தாளில் 25 கேள்வி, தேற 84 சதவீதம் வேண்டும். அதில் தேறினாலும் பொம்மைமுன் மண்டியிட்டுக் காட்டினால்தான் சான்றிதழ். முழங்கையை மடக்காமல், தோளை நேர்மேலே கொண்டுவந்து, உடம்பின் கனத்தால் அழுத்த வேண்டும். ஆழம் 5 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது, 6ஐத் தாண்டக்கூடாது. நிமிடத்துக்கு 100 முதல் 120. ஒவ்வொரு முறையும் மார்பு முழுசாக மேலே வரவிட வேண்டும். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் பொம்மையைப் பார்த்தே பயப்படுகிறார்கள். நெஞ்சு இவ்வளவு கெட்டியாக இருக்கும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. முதல் அரை நிமிடம் நன்றாகப் போகும். ஒரு நிமிடம் தாண்டியதும் ஆழம் குறையத் தொடங்கும். அழுத்துகிறவருக்கு அது தெரியாது, தான் அதே பலத்தோடு அழுத்துவதாகவே நினைப்பார். பொம்மையின் விளக்குதான் காட்டிக்கொடுக்கும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்று என்கிற விதி இங்கிருந்து வந்தது. எந்த எழுத்துத் தேர்வும் இதைக் கற்றுத்தராது.

கற்றதும் நிலைக்காது. சான்றிதழ் இரண்டு ஆண்டுக்குச் செல்லும். கை மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மறக்கத் தொடங்கிவிடுகிறது. பஸ் நடத்துநர் உரிமம் வாங்க முதலுதவிச் சான்றிதழ் வேண்டும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 150 தொழிலாளருக்கு ஒரு முதலுதவிப் பெட்டியும் அதற்குச் சான்றிதழ் பெற்ற ஒரு பொறுப்பாளரும் இருக்க வேண்டும் என்றது. ஓசூர் ரோட்டு கார்மென்ட்ஸ் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் அந்தப் பெட்டியைப் பார்த்திருப்பார்கள். அந்தப் பொறுப்பாளர் கடைசியாகப் பொம்மைமுன் மண்டியிட்டது எப்போது என்று கேட்கிற வழக்கம்தான் இல்லை. கேட்க வேண்டும்.

வாயோடு வாய் வைத்து ஊத வேண்டுமே என்று பின்வாங்குகிறவர்களுக்காக, இந்திய மயக்கவியல் மருத்துவர்கள் முன்னின்று 2017இல் வெளியிட்ட வழிமுறையில் பொதுமக்களுக்கு ஊதும் பகுதியையே எடுத்துவிட்டார்கள். விழுந்த பெரியவருக்கு அழுத்துவது மட்டும் போதும், நிறுத்தாமல் அழுத்துங்கள் என்பதே அது. நீரில் மூழ்கியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டும் மூச்சும் சேர வேண்டும். அவர்களுக்கு முதலில் தீர்ந்துபோவது ஆக்சிஜன்தான்.

விலா எலும்பு முறிந்துவிட்டால்? முறியலாம். முறிந்த எலும்பு கூடும். இதயம் நிற்காதவருக்குத் தவறி அழுத்திவிட்டால்? அவர் முனகுவார், கையைத் தட்டிவிடுவார். பெரிய காயம் ஏற்படுவது அரிது. விழுந்தவர் பெண்ணாக இருந்தால்? நம் ஊரில் இந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், கை மட்டும் தயங்கும். இங்கே மட்டுமில்லை. 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், பொது இடத்தில் விழுந்த ஆண்களில் 45 சதவீதம் பேருக்கு யாராவது நெஞ்சை அழுத்தினார்கள். பெண்களில் 39 சதவீதம் பேருக்குத்தான். இந்தத் தயக்கத்தையும் பொம்மைமுன்தான் போக்க வேண்டும். அக்காமார்களும் ஆண்ட்டிமார்களும் இந்தப் பயிற்சிக்கு வருவது அதனால் இன்னும் முக்கியம்.

போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டிவருமே என்ற பயத்துக்கும் இப்போது இடமில்லை. 2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம், விபத்தில் சிக்கியவருக்கு உதவுகிறவரைப் பாதுகாக்கும் விதிமுறைகளுக்குச் சட்ட வலு கொடுத்தது. கர்நாடகம் இதற்கெனத் தனிச் சட்டமே இயற்றியது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் 134ஏ என்ற பிரிவு சேர்ந்தது. உதவியவர் பெயர் சொல்லக் கட்டாயமில்லை, சாட்சியாக வரக் கட்டாயமில்லை.

2021 அக்டோபரில் கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் 46 வயதில் மறைந்தபோது பெங்களூருவே அதிர்ந்தது. தங்கள் இதயத்தைச் சோதித்துக்கொள்ள ஜெயதேவா மருத்துவமனையில் கூட்டம் அலைமோதியது. பிறகு அவர் பெயரிலேயே கர்நாடக அரசு, தாலுகா மருத்துவமனைகளில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை இலவசமாகப் போடும் திட்டத்தைக் கொண்டுவந்தது. மிக நல்ல திட்டம். ஆனால் அந்த ஊசி மாரடைப்புக்கு. ரத்தக்குழாய் அடைத்து, நெஞ்சு வலியோடு, நினைவோடு மருத்துவமனைக்கு வந்துசேருகிறவருக்கு. இதயமே நின்று தெருவில் கிடப்பவரை அந்த ஊசி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது பக்கத்தில் நிற்பவர் கை.

ஆஸ்டின் டவுன் மைதானத்தில் ஆடுகிற ஒவ்வோர் அணியிலும் இரண்டு பேர், தெருவுக்கு இரண்டு பேர், ஆட்டோ ஸ்டாண்டுக்கு இரண்டு பேர் இதைக் கற்றிருந்தால் போதும். கோயில் மண்டபமோ ஆலய ஹாலோ ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குக் கிடைக்காதா? செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் செஞ்சிலுவைச் சங்கமும் முதலுதவி வகுப்பு நடத்துகின்றன; அருகிலுள்ள பெரிய மருத்துவமனையில் கேட்டாலும் வழிகாட்டுவார்கள். பாடம் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். பொம்மைமுன் மண்டியிட்டு, தேர்வு வைக்கச்சொல்லி, தேறிவிட்டு வாருங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி போங்கள். அதுவரைக்கும் இவ்வளவை நினைவில் வையுங்கள்: பதில் இல்லை, சீரான மூச்சு இல்லை என்றால் ஒருவரை 108க்குப் போன் போடச் சொல்லிவிட்டு, விழுந்த இடத்திலேயே, மார்பின் நடுவில், ஆழமாக, வேகமாக, ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து உங்கள் தோளைத் தொடும்வரை அழுத்துங்கள்.